எலி மூளையும் எட்டிப் பார்த்த வாத்தியாரும்

“அய்யோ... எதுக்குத் தொறந்தீக?”

நாகஜோதி போட்ட சத்தத்தில் ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மழைக்கு ஒதுங்கி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவன், அவள் மடியில் இருந்த தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டிருந்தான். குபுகுபுவென்று வெண்புகை... அதற்கு அந்தப் பக்கம் ஆச்சரியத்தில் விரிந்த இரண்டு கண்கள்.

“புகையா வந்துச்சுங்க... தீப்பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். உள்ள என்ன?”

“மூளை.”

“யாரோடது?”

“எலியோடது. கெடாம இருக்க ட்ரை ஐஸ் போட்டு வச்சிருக்கேன், அதான் புகையுது. மொதல்ல மூடுங்க!”

மூடிவிட்டுச் சிரித்தான். பாழாய்ப்போன சிரிப்பு, அழகாக வேறு இருந்தது. பெயர் பெனோவாம், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராம். செக்காலை நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் ஆயிரம் கேள்வி. வலிப்பு மருந்து மூளைக்குள் எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்று அவள் படமெடுக்கப் போகிறாள். வழியில் உருகினால் மருந்து இடம் மாறிவிடும். கைவசம் இருப்பது இந்த ஒரு மூளைதான், இதுவும் கெட்டால் மூன்று வருட ஆராய்ச்சி போச்சு. கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள்... சொல்லச் சொல்லக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“படம் வந்தா எனக்கும் காட்டுவீகளா?” போன் நம்பரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

ஆய்வகத்தில், உறைந்த மூளையை மெல்லிசாகச் சீவினாள். ஒரு சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, உலர்த்தி, ரசாயனம் தூவி, கருவிக்குள் வைத்தாள். திரையில்... ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள்.

“உங்களாலதான் எல்லாம் போச்சு! இப்ப சந்தோசமா?”

“மன்னிச்சிருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

மறுநாள் காலை பல் விளக்கும்போது பொறி தட்டியது. உருகியிருந்தால் படம் கலங்கலாகத்தானே வரும்... சுத்தமாக வராமல் ஏன் போகும்? ஓடினாள். அந்தத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் மின்சாரம் பாயும், சீவலை அந்தப் பக்கம்தான் ஒட்ட வேண்டும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். அட கடவுளே, மின்சாரம் பாயாத பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்! சோதிக்காமல் அவள் ஒருநாளும் ஒட்டியதில்லை. நேற்று மட்டும் ஏன் மறந்தது என்று அவளுக்குத் தெரியும். வெளியில் சொல்லத்தான் முடியாது.

இன்னொரு சீவலைச் சரியான பக்கத்தில் ஒட்டினாள். சாயங்காலம் படம் வந்தது. வளைந்த ஒரு மடிப்பில் மட்டும் மருந்து பளிச்சென்று நின்றது. துள்ளிக் குதித்தாள்... உடனே முகம் வாடியது. திட்டிய வாயால் எப்படி மன்னிப்புக் கேட்பது? வீம்பு விடமாட்டேன் என்றது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டேவிட்டாள்.

தூறலில் நனைந்துகொண்டு வந்தான். ஆய்வக வாசல் டீக்கடையில் படத்தைக் காட்டினாள்.

“அப்ப... என்னால கெடலையா?”

“இல்ல. தப்பு என் மேலதான். தகட்டைத் திருப்பி வச்சு ஒட்டிட்டேன். மன்னிச்சிருங்க.”

“நீங்கதான் அம்புட்டுக் கவனமாச்சே... அப்புறம் எப்புடி?”

அவள் முகம் சிவந்தது. வந்தது வரட்டும்.

“உங்களையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். போதுமா?”

பெனோ டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“நேத்து ராத்திரி முழுக்க நான் தூங்கல. படம் கெட்டுப்போச்சேன்னு மட்டும் இல்ல... இனிமே உங்ககிட்டப் பேச ஒரு சாக்கும் இல்லையேன்னு.”

நாகஜோதி தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“இனிமே எதுக்குச் சாக்கு?”