துணையில்லா ஆங்கிலம்

காலையில் பல் துலக்கியதும் செவித்துளியைக் காதில் மாட்டிக்கொள்வது தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிரிசில்லா மட்டும் சில வாரங்களாகக் கணவன் கிளீட்டஸ் கப்பல் பட்டறைக்குக் கிளம்பியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பாத்திரம் துலக்கியபடியே ஆங்கிலத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். துணையில்லா ஆங்கிலத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆங்கிலம் படிக்கிறேன் என்றால் தெருவே சிரித்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் செவித்துளி அதைக் கேட்பவரின் மொழிக்கு மாற்றிவிடும் காலம் அது. தெருவுக்குத் தெரு இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் எப்போதோ பிரியாணிக் கடைகளாகிவிட்டன.

ஆனால் நிலாவின் மறுபக்கத்தில் செவித்துளி செல்லாது. அங்கே விண்வெளியின் மெல்லிய முணுமுணுப்பை ரேடியோ டெலஸ்கோப்புகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அலை வீசும் எந்தக் கருவியும் அவற்றுக்கு இடைஞ்சல். பல நாட்டார் கூடி வேலை செய்யும் அந்த நிலையத்தில் ஆங்கிலம்தான் பொதுமொழி, அதுவும் சொந்த வாயால். பிரிசில்லா நர்ஸ், கிளீட்டஸ் வெல்டர். இரண்டு வேலையும் அங்கே காலியாக இருந்தன. தம்பதியாகப் போக வேண்டுமென்றால் இருவருமே தேற வேண்டும்.

எழுத்தில் கிளீட்டஸ் புலி. பேச்சுப் பயிற்சி என்றால் மட்டும் நழுவிவிடுவான். இருவரும் துளியைக் கழற்றி எதிரெதிரே உட்கார வேண்டும் என்றதும் பல்வலி வரும், மோட்டார் பழுதாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். நிலாவுக்கு வர மனமில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் ஒளிப்பானேன் என்று கேட்டாள். அவன் எழுந்து வந்து, அவள் காதிலிருந்த துளியைப் பதமாக எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எனக்கு தி... தி... திக்கும்ட்டி."

செவித்துளி மொழியை மட்டுமா மாற்றுகிறது? தமிழைத் தமிழாகவே கேட்டாலும் இருமல், தடுமாற்றம், எரிச்சல் எல்லாவற்றையும் சலித்துவிட்டு மாவை மட்டும்தான் காதில் போடும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். இவன் வீட்டாருக்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. அவன் உதடும் குரலும் சற்று முன்பின்னாக இருப்பதை அவள் பார்த்ததுண்டு. மலிவான துளி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இரவில் துளியைக் கழற்றியபின் அவன் பேசுவதே இல்லை, அதையும் களைப்பு என்று எண்ணிக்கொண்டாள்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாளும் யாருடைய குரலில் மயங்கிக் கிடந்தோம் என்று அழுகைகூட வந்தது. உங்களுக்கு மட்டும் என் அசல் குரல் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும். நீ சமைக்கும்போது தி... தினமும் கழட்டிருவேன். து... துறைமுகத்துச் சங்கு மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன்பிறகு மாலைதோறும் பயிற்சி நடந்தது. அவன் ஒரு சொல்லில் சிக்கினால் இவள் அதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவன் கையை உயர்த்தித் தடுப்பான். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்கு ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருந்தது. இருந்தும் கற்றுக்கொண்டாள்.

மதுரையில் தேர்வு. பிரிசில்லா நன்றாகப் பேசிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து கிளீட்டஸ் உள்ளே போனான். கதவு மெல்லியது. தேர்வாளர் சின்னப் பெண், நல்ல பெண்ணும்கூட. அவன் திக்கிய ஒவ்வொரு இடத்திலும் இரக்கப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அப்படிக் கொடுத்த சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. பிறந்ததிலிருந்து துளியோடு வளர்ந்தவள். ஒரு மனிதன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை.

பிறர் தேர்வில் குறுக்கிட்டால் குறுக்கிட்டவரின் தேர்வு ரத்து என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. பிரிசில்லா அதை ஒருமுறை படித்தாள். பிறகு கதவைத் தள்ளினாள்.

"ப்ளீஸ் வெயிட், மிஸ். ஹி வில் ஃபினிஷ்."

துளி சலிக்காத அந்தக் குரலில் அறையே அதிர்ந்தது. தேர்வாளர் விக்கித்துப்போய் வாயை மூடிக்கொண்டாள். கிளீட்டஸ் முதலிலிருந்து ஆரம்பித்து, நிதானமாகத் திக்கித் திக்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

முடிவு அன்று மாலையே வந்தது. கிளீட்டஸ் தேர்ச்சி. பிரிசில்லா விதிமீறல், ரத்து, அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம். வெல்டர் தனியாக வரச் சம்மதமா என்று நிலையம் கேட்டிருந்தது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, நீங்க போங்க, கிடைத்ததை விடக் கூடாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

அவன் மறுத்துத் தலையை ஆட்டினான்.

"ஐ வில் வெ... வெ..."

தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். என்ன சொல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் "வெயிட்" என்று முழுதாகச் சொல்லி முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது.