கழற்றக் கழற்ற

மகனுடைய ஜெர்சி மட்டும் சலவைக்கு வரவில்லை. மற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் சேறும் வியர்வையுமாகக் கூடையில் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தகரக் கூரையில் மழை சலசலக்க, கால்பந்து கிளப்பின் சலவை அறையில் மெஷினின் கதகதப்பிலும் சோப்பு வாசனையிலும் கண் சொக்கி உட்கார்ந்திருந்தவளுக்கு, எழுந்து போய்க் கேட்கவே அலுப்பாக இருந்தது. கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. பெற்ற பிள்ளைதான், அதற்காக இந்தத் துரைக்கு மட்டும் தனியாகத் துவைக்க வேண்டும் என்று தலையெழுத்தா என்ன. ஆனால் அலுப்பு மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

அந்தக் கிளப்பில் பதினேழாம் எண்ணை யாரும் போடுவதில்லை. அதைப் போட்டு ஆடியவன் சில வருடங்களுக்கு முன் மைதானத்தின் நடுவிலேயே சுருண்டு விழுந்து செத்தான். அவனோடு அந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவன் ஜெர்சி ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வாசலில் மாட்டினார்கள். மிச்சத்தை எரித்துவிடச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். நல்ல கெட்டித் துணி. ஒன்றை மட்டும் நெருப்பில் போட மனசு வராமல் அலமாரிக்கு அடியில் செருகி வைத்தாள்.

இன்று, வெளியே உட்கார்ந்து உட்கார்ந்தே சலித்துப்போன மகனுக்கு முதல் ஆட்டம். இறங்கப்போகும் நேரத்தில் அவன் ஜெர்சி தோளோடு கிழிந்தது.

"வேற இல்லையாக்கா? அப்ப அடுத்த ஆளை இறக்கிடறேன்" என்றார் கோச்.

"இருக்கு சார், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அலமாரிக்கு அடியில் இருந்ததை எடுத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பதினேழை உரித்தெடுத்தாள். அதே இடத்தில் மகனின் எண்ணான நான்கை வைத்து அழுத்தினாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

பந்தை இடது காலால் தொடக்கூடத் தெரியாத மகன், இன்று இடது காலாலேயே கோல் அடித்தான். கூட்டம் கத்தியது. செத்தவன்தான் அப்படி அடிப்பான்.

கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடைபாதையின் கோடியில் உடை மாற்றும் அறை. பாதி திறந்த கதவு, சொட்டுகிற குழாய், நனைந்த புல்லின் வாடை, அதோடு தண்ணீரில் ஊறிய துணியை யாரோ தரையில் போடுகிற சத்தம், சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம்.

மகன் சுவரைப் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதுகில் நான்கு இல்லை. பதினேழு இருந்தது.

"ஏண்டா, இன்னுமா கழட்டல? எவ்வளவு நேரம்டா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கிறது?"

"கழட்டிக்கிட்டேதாம்மா இருக்கேன்."

அவன் காலடியில் ஈர ஜெர்சிகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பதினேழு.

"முடியலைம்மா. பாரமா இருக்கு. நீயே கழட்டி விடேன்."

பிள்ளையை விட்டுவிட்டு ஓட முடியுமா. விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அடியில் இன்னொன்று. அதையும் இழுத்தாள். அடியில் இன்னொன்று.

தோள் எலும்பு கையில் தட்டியது. அடுத்த தடவை தட்டவில்லை.

"போதும்டா கண்ணு. அம்மா யாரையாவது கூப்பிடறேன்."

"நிறுத்தாதம்மா. மூச்சு முட்டுது."

இழுத்தாள். கழுத்து மெலிந்திருந்தது. இழுத்தாள். குவியல் முழங்கால் வரை வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்தாம்மா."

குரல் காலடியிலிருந்து வந்தது. குவியலுக்குள்ளிருந்து.

அவள் கை நின்றது. பெஞ்சின்மேல் ஒரு ஜெர்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அம்மா சட்டையைக் கழற்றட்டும் என்று நிற்பானே, அதே மாதிரி, வெறும் சட்டைக் கைகள் இரண்டும் மெதுவாக மேலே உயர்ந்து அவளுக்காகக் காத்திருந்தன.