காய்ந்த தொட்டிக்கு ஊற்றிய டீ

இருசப்பனுக்குக் கருமாதி முடிந்த மறுவாரம் அவன் பார்த்த வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். உத்திரமேரூரைத் தாண்டி, காஞ்சிபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ரைஸ் மில். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாடை மூக்கில் ஏறும். ஊறிப் புளித்த நெல்லும் எரிகிற உமியும் கலந்த வாடை. புதிதாக வருகிறவனுக்குக் குமட்டும். கொஞ்ச நாள் போனால் தின்கிற சோற்றிலும் அதே வாடைதான், ஆனால் தெரியாது.

மில்லுக்குப் பின்பக்கம் பாய்லர். அதை ஒட்டி வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். நெல்லை அதில் ஊறவைத்து, அடியில் ஆவி விட்டு அவிப்பார்கள். கடைசித் தொட்டியில்தான் இருசப்பன் விழுந்தான். நெல் வெந்துகொண்டிருந்த நேரம். அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் யாரும் நெல் போடுவதில்லை. காய்ந்து கிடந்தது.

“குடிச்சிட்டு வந்து வியுந்துட்டான்” என்று போலீசிடம் சொன்னார் மேஸ்திரி தினகரன். ஊர் பூரா அதையே சொன்னார். மொதலாளி மெட்ராசில் இருக்கிறார். சாவுக்குக்கூட வரவில்லை. மேஸ்திரி சொன்னதுதான் அவருக்கும் கணக்கு.

இருசப்பன் சாராய வாடை பட்டாலே வாந்தி எடுக்கிறவன். செங்கல் சூளையில் அவனோடு மண் மிதித்தவன் நான், எனக்குத் தெரியும். அவன் குடித்தது டீ. நவரைப் பட்டத்து அறுப்பு நெல் வந்து குவிந்தபோது மாற்று ஆள் போடாமல், இரவும் பகலும் அவனையே பாய்லரில் நிறுத்தினார்கள். கண் சொக்கும்போதெல்லாம் டீ கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் டீக்கும் தூக்கம் அடங்கவில்லை. நின்றபடியே தூங்கிவிட்டான்.

அவன் பெண்சாதி செல்லம்மாள் அதே மில்லில் களத்தில் நெல் கிளறுகிறாள். நான் சேர்ந்த அன்றைக்கே வந்து நின்றாள்.

“எனக்குப் பணங்காசு வேணாம்ணா. அவரு குடிக்கலன்னு அந்தாளு வாயால நாலு பேரு முன்னாடி சொல்லணும். எம் புள்ளைங்கள குடிகாரன் புள்ளைங்கன்றாங்க.”

உமியை அள்ளித் தள்ளிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

எனக்கும் அதே கதைதான் ஆரம்பித்தது. மாற்று ஆள் இல்லை. டீக்கடை சேட்டு கேனைத் தூக்கிக்கொண்டு வருவான், வந்துகொண்டே இருப்பான். கறுப்பாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி டீ. அதைக் குடித்தால் கண் திறந்திருக்கும், கை நடுங்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் உடம்பு செத்துக் கிடக்கும், நெஞ்சு மட்டும் பாய்லர் மாதிரி அடித்துக்கொள்ளும். தூக்கம் வராது. தூங்காமல் வேலைக்குப் போனால் மறுபடியும் டீ.

ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து, அந்தக் கடைசித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத்தான் நின்றேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?” என்றார் டாக்டரம்மா.

“எண்ணுனதில்லமா. குட்த்தா குடிப்பேன்.”

“ஒரேயடியா நிறுத்தாதீங்க, தலைவலி மண்டைய பொளக்கும். கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. மத்தியானத்துக்கு மேல ஒரு வாய் கூடாது. தண்ணி குடிங்க. தூங்குங்க. தூங்காத உடம்புக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

இதை மேஸ்திரியிடம் சொன்னேன். சிரித்தார்.

“டீ வேணான்றவன் தூங்கப் போறான்னு அர்த்தம்டா. பாய்லர் வெடிச்சா உன் டாக்டரம்மா வந்து நிப்பாளா? புடி, குடி.”

கையில் கொடுத்த டீயை வேண்டாம் என்று திருப்பி நீட்டுவது நம்ம பக்கத்தில் பெரிய அவமரியாதை. அதனால் வாங்கிக்கொள்வேன். காலையில் ஒன்றைக் குடிப்பேன். மற்றதை, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், காய்ந்து கிடந்த கடைசித் தொட்டிக்குள் ஊற்றிவிடுவேன். யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை என்பதால்தான் ஊற்றினேன். வேறு எண்ணமே இல்லை.

தலைவலி வந்தது. இரண்டு பொட்டிலும் ஆணி அடித்த மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தலைவலி கொஞ்சம் விட்ட பிறகுதான் தொட்டிக்குள் பார்த்தேன். இத்தனை டீ ஊற்றியிருக்கிறேன். ஈ மொய்க்க வேண்டும், கறை படிந்திருக்க வேண்டும்.

தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம். அனல். களத்தில் நெல் பரப்பிவிட்டு எல்லாரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். பாய்லர் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தது. டீ இல்லாத உடம்பு, கண் தானாக மூடியது.

பிடரியில் யாரோ தட்டினார்கள்.

ஈரமான விரல். சூடான ஈரம்.

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வால்வைத் திறந்தேன். ஆவி பீறிட்டுப் போன பிறகு திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

பின்கழுத்தைத் தடவினேன். விரலில் ஒரு அவிந்த நெல் ஒட்டிக்கொண்டு வந்தது.

பயந்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், பிறந்த குழந்தை மாதிரி தூங்கினேன். அடுத்த நாளும் அப்படித்தான். கை நடுக்கம் நின்றது, சோறு இறங்கியது. வேலையில் கண் அசந்தால் அந்த விரல் எழுப்பிவிடும். நான் டீயைக் குறைக்கக் குறைக்க எனக்குத் தூக்கம் கூடியது.

மேஸ்திரிக்குக் குறைந்தது.

முதலில் கண் சிவந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்.

“இன்னா மேஸ்திரி, ஒடம்பு சொகமில்லையா?” என்று சேட்டு கேட்டான்.

“தூங்க வுட மாட்றான்பா.”

“யாரு?”

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “கண்ணு மூடுனா தட்றான். காதாண்ட வந்து ‘டீ குடி, டீ குடி’ன்றான். நான் சொல்வனே, அதே மாரி.”

இதைக் கேட்டதும் செல்லம்மாளைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நெல் கிளறுகிற கோட்டுக்கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“கருமாதிப் படையல்ல நான் டீ வெக்கலண்ணா” என்றாள். “பீடி வெச்சேன், கருவாட்டுக் கொயம்பு வெச்சேன். டீ மட்டும் வெக்கல. டீயக் குட்த்துக் குட்த்துதான சாவடிச்சாங்க. அது இல்லாம கெடந்தா, அங்கயாவது தூங்குவாருன்னு நெனச்சேன்.”

“நான் தெரியாம ஊத்திட்டம்மா. இன்னியோட நிறுத்திடறேன்.”

என் கையைப் பிடித்தாள். வெயிலில் நின்ற கை, சில்லென்று இருந்தது.

“நிறுத்தாத.”

“செல்லம்மா…”

“அந்தாளு வாயத் தொறக்கற வரைக்கும் ஊத்து. ஒரு சொட்டு நீ குடிக்காத. சேட்ட இன்னும் ஸ்ட்ராங்கா போடச் சொல்லு.”

அதற்குப் பிறகு தெரிந்தேதான் ஊற்றினேன். காலையில் குடிக்கிற ஒன்றையும் விட்டேன். தொட்டி விளிம்பில் நின்று, “இருசப்பா, எடுத்துக்க” என்று சொல்லியே ஊற்றினேன். உள்ளே உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். தாகத்தோடு வந்தவன் உறிஞ்சுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே மேஸ்திரி வந்தார். நடக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு வந்தார். களத்தில் ஆட்கள் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையில் கிளாசோடு தொட்டியருகே நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“நீயாடா?” என்றார். “நீயாடா அவனுக்கு ஊத்தற?”

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கிளாசைக் கவிழ்த்தேன்.

பாய்லர் நின்றது. யாரும் அணைக்கவில்லை.

அந்த மௌனத்தில் காய்ந்த தொட்டியிலிருந்து ஆவி எழும்பியது.

டீ வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை. அது என்ன வாடை என்று அன்றைக்கு அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மேஸ்திரி மண்டி போட்டார். தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்தார்.

“வுட்றா… என்ன வுட்றா இருசப்பா…”

உள்ளேயிருந்து சிமெண்டைத் தட்டுகிற சத்தம். நிதானமாக. ஒவ்வொன்றாக.

செல்லம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். “அவருகிட்ட இன்னா கெஞ்சற? எங்ககிட்ட சொல்லு. சத்தமா சொல்லு.”

அவர் வாய் கோணியது. பிறகு கத்தினார். களம் பூரா கேட்டது.

“அவன் குடிக்கல! தூக்கம் வர்துன்னு கால்ல வியுந்தான், நான் வுடல! மொதலாளிதான் போன்ல சொன்னாரு, நெல்லு முடியற வரைக்கும் அவன வுடாதன்னு. நான் செஞ்சேன். அவன் குடிக்கவே இல்ல!”

தட்டுகிற சத்தம் நின்றது.

மேஸ்திரியின் தலை அப்படியே மார்பில் தொங்கியது. செத்துவிட்டார் என்று சேட்டு ஓடிப்போய் மூக்கில் கை வைத்தான். குறட்டை வந்தது. தூங்கியிருந்தார்.

இன்னும் தூங்குகிறார். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூச்சு இருக்கிறது, கிள்ளினாலும் குத்தினாலும் எழவில்லை.

“போதும்ணா, இனிமே ஊத்தாத. அவரும் தூங்கட்டும்” என்றாள் செல்லம்மாள். நான் ஊற்றவில்லை. அவள் பிள்ளைகளை யாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு மாற்று ஆளும் வந்துவிட்டான். காலையில் ஒரு டீ, அதோடு சரி.

இன்றைக்குக் காலையில் மொதலாளியின் கார் மில்லுக்குள் வந்தது. அந்தக் கார் இங்கே வந்து நாங்கள் பார்த்ததில்லை. இறங்கினவருக்குச் சவரம் செய்யாத முகம். கண் ரெண்டும் மிளகாய் மாதிரி சிவந்திருந்தது. வெயிலைப் பார்க்க முடியாமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“ஏம்பா, இங்க இருசப்பன்னு யார்னா வேல செய்யறானா?”

களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த கட்டைகள் நின்றன.

“எவன்னே தெரியல. மெட்ராஸ்ல என் வூட்டுக்கே வந்து எழுப்பிக்கினு கீறான். பேரக் கேட்டா இருசப்பன்றான். எந்த மில்லுடான்னு கேட்டா நம்ம மில்லச் சொல்றான். யாரு அவன்?”

செல்லம்மாள் நெல் கிளறுவதை நிறுத்தவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இங்கதான் மொதலாளி வேல செய்யறாரு” என்றாள். “அவருக்கு நைட் ஷிப்டு.”