விநாடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு

"வீ...ல்!"

ஐந்தாவது மாடி பால்கனியில் கிளம்பிய அலறல், கார் நிறுத்துமிடத்தின் சிமெண்ட் தரையில் போய் முடிந்தது.

விழுந்தவள் ஒரு போட்டோகிராஃபரின் மனைவி. பால்கனிக் கம்பி கழன்றுவிட்டது என்றார்கள். போன மாதம் அதை மாட்டிக் கொடுத்த வெல்டரை அன்றே லாக்கப்பில் தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் மாலை, பெண் இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்குப் போனாள்.

தொட்டியில் கழுவாத ஒற்றை டம்ளர். பார்க்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டி.வி. வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டுமே என்று போட்டோகிராஃபர் அதை அணைக்கவே இல்லை.

"மூணு நாளா ஒருத்தரும் எட்டிப் பார்க்கல மேடம்... நீங்கதான் முதல் ஆள்!"

பாவமாகத்தான் இருந்தது.

"வெல்டரோட சம்சாரம் கைக்குழந்தையோட ஸ்டேஷன் வாசல்லயே உட்கார்ந்திருக்கா. 'அவர் ஒழுங்காத்தான் மாட்டினாரு'ன்னு ஒரே அழுகை. கேஸ் ருசுவானா அந்தாளுக்கு வருஷக்கணக்குல ஜெயில்! அதான் இன்னொரு தடவை கேட்டுடலாம்னு... அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"கம்பியில சாய்ஞ்சு நிக்கச் சொல்லி போட்டோ எடுத்தேன். நான் பத்தடி தள்ளி, ஹால்ல. திடீர்னு கம்பி போயிடுச்சு! விரல் பட்டன்லயே இருந்ததால படம் பாட்டுக்கு விழுந்துட்டே இருந்துச்சு..."

லேப்டாப்பைத் திறந்தான்.

பன்னிரண்டு படங்கள். முதலில் நின்று சிரிக்கிறாள். ஏழாவதில்... அந்தரத்தில் அவள்! பறக்கும் கூந்தல், கழன்ற செருப்பு, காற்றில் ஒரு போல்ட். எதிலும் துளி கலங்கல் இல்லை.

"எப்படி சார் இவ்வளவு துல்லியமா?"

துக்கத்தை மீறி அவன் குரலில் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது.

"ஷட்டர் ஸ்பீடு மேடம்! விநாடியில எட்டாயிரத்துல ஒரு பங்கு. உடையற கண்ணாடி, பறக்கற ஈயோட றெக்கை... எல்லாம் அப்படியே நின்னுடும். ஸ்பீடு கம்மின்னா அவ வெறும் கோடாத்தான் தெரிஞ்சிருப்பா. நான் தள்ளி நின்னதுக்கு இந்தப் படங்கதான் சாட்சி!"

"முதல் படமும் அதே ஸ்பீடா?"

"ஆ...மா."

"அதுல அவங்க ஆடாம அசையாம நிக்கிறாங்களே! அன்னைக்கு நீங்க குடுத்த காப்பியை எங்க ஸ்டேஷன் போட்டோகிராஃபர்கிட்ட காட்டிக் கேட்டேன். நிக்கிறவங்களுக்கு இருநூத்துல ஒரு பங்கே ஜாஸ்தியாம். நீங்க எடுத்த சாயங்கால வெளிச்சத்துல எட்டாயிரம் வெச்சா வெளிச்சம் பத்தாம படம்தான் கெடுமாம்..."

அவன் முகம் வெளுத்தது.

"நிக்கிற பொண்டாட்டிக்கு எதுக்கு சார் எட்டாயிரம்? விழப்போறாங்கன்னு முன்னாடியே தெரியுமோ?"

இன்ஸ்பெக்டர் திரையில் அந்த போல்ட்டைப் பெரிதாக்கினாள்.

"மரை புதுசு மாதிரி இருக்கு. பிச்சுக்கிட்டு வரல... நட்டைக் கழட்டிட்டு சும்மா செருகி வெச்சிருக்கு! உங்க ஸ்பீடு இதையும் நிறுத்திக் காட்டிடுச்சே!"

அவன் உடைந்து அழுதான்.

"பெட்டி கட்டிட்டா மேடம்... என்னை விட்டுப் போறேன்னா. கடைசியா ஒரு போட்டோன்னு கெஞ்சி நிக்க வெச்சேன். அவ எங்கேயோ சந்தோஷமா இருக்க, நான் இங்க தனியா... நினைச்சாலே பயமா இருந்துச்சு!"

"இப்ப மட்டும் கூட யார் இருக்கா?"

டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை அணைத்தாள். பிறகு விலங்கை எடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார், தனிமைங்கிற பேச்சே இனிமே கிடையாது! நாலு பேர் படுக்கிற லாக்கப்ல ஏழு பேர் இருக்காங்க. வெல்டர் எழுந்து போனதும், அந்த இடம் உங்களுக்குத்தான்!"