விளிம்பு வரை தண்ணீர்

"இந்த விரிசல் விழுந்த வீட்டை விட்டா உனக்கு வேற போக்கிடமே இல்லையா?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள், நிலநடுக்க நிவாரண முகாமின் சாப்பாட்டு வரிசையில், நாலு பேர் காதில் விழும்படி. தையல்காரி மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆளில்லாத வீடுகளை இடிக்கப்போகிறார்கள். இன்று பொறியாளர் வரும்போது அவள் உள்ளே இருக்க வேண்டும்; ஆள் குடியிருக்கும் வீடு என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

நிலம் மறுபடி அசைந்தால் தெரியட்டும் என்று, வாசலிலிருந்து சமையலறை வரை ஐந்து டம்ளர்களை விளிம்பு வரை நிரப்பித் தரையில் வைத்திருந்தாள். தெருவே அப்படித்தான் செய்தது. தண்ணீர் சிந்தினால் ஓட வேண்டும். சிந்தவே இல்லை. ஆனால் முந்தாநாள் வாசல் டம்ளர் காலி. நேற்று இரண்டு. இன்று காலை மூன்று. ஒவ்வொரு முறையும் மறுபடி நிரப்பி வைத்தாள்.

"எலியா இருக்கும்மா," என்றார் பொறியாளர், சுவரைச் சுத்தியலால் தட்டியபடி.

"எலிக்கு உதடு இருக்கா சார்?"

அவர் குனிந்து பார்த்தார். டம்ளர் விளிம்பில் சிமெண்ட் தூசி படிந்த உதட்டுத் தடம். சிறியது.

பக்கத்து அடுக்குமாடி சரிந்த பிறகு நான்கு நாள் இடிபாட்டுக்குள்ளிருந்து தண்ணீர் கேட்ட குரல்கள் ஐந்தாம் நாள் நின்றுபோனதை அந்தத் தெருவில் யாரும் பேசுவதில்லை. வெளியே இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. வெயில் கூடத்தில் நீளமாகக் கிடக்க, ஈரச் சிமெண்ட் வாடை மெல்ல வாசல் தாண்டி உள்ளே வந்தது.

முதல் டம்ளரில் தண்ணீர் இறங்கியது.

ஒரு மிடறு. நிறுத்தம். இன்னொரு மிடறு.

இரண்டாவது டம்ளர். மூன்றாவது. சமையலறைப் பக்கமாக. அவள் பக்கமாக.

"வெளிய வந்துடும்மா," என்றார் அவர்.

"ஆள் இருந்தா போதும்னீங்க. இருக்கேன்ல? போடுங்க சார்."

குடத்தை இடுப்பில் தூக்கி, காலியானதையெல்லாம் மறுபடி நிரப்பினாள்.

"குடிங்க. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. வீடு மட்டும் என்னுது."

ஐந்து டம்ளரும் ஒரே நேரத்தில் இறங்கின. நிரப்பினாள். இறங்கின.

பொறியாளர் தையல் மெஷின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பைக்குள் ஏதோ நொறுங்கியது. வெளியே எடுத்தார். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். உள்ளே மட்டம் குறையக் குறைய, பிளாஸ்டிக் நாலாபுறமும் உள்வாங்கி நசுங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தரையில் வைத்தார். படியிறங்கிப் போனார்.