பார்த்து ஓட்டியவர்கள்

பட்டறை வாசலில் நிழல் விழுந்ததும் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். தச்சர் நின்றிருந்தார். அந்தப் புறநகரில் பாதி வீடுகளின் அலமாரிகள் அவர் கைவேலை. மகளைப் பறிகொடுத்த பிறகு ஆள் பாதியாகிவிட்டார்; சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

“அண்ணி இருக்காங்களா தம்பி?”

“மேலதான் இருக்காங்க. வண்டி ஏதாவது இடிச்சிருச்சா?”

“வண்டி இல்ல. ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிக்கணும்.”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதிய சர்வேயர். நசுங்கிய கதவைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவர் சர்வேயரம்மாதான். போலீஸ் மூடிவிட்ட விவகாரங்களை எடுத்துக்கொண்டு ஜனங்கள் மாடிப்படி ஏறுவார்கள். கூடவே மெக்கானிக்கும் ஏறுவான். அவனை யாரும் உதவியாளனாக நியமிக்கவில்லை, அவனாகவே பதவியேற்றுக்கொண்டான்.

தச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“கிடங்கு வளைவு தெரியும்லம்மா? என் பொண்ணு போன இடம். போன நவம்பர்ல, ஆஸ்பத்திரில டியூட்டி முடிச்சு வந்துட்டிருந்தா. அந்தப் பக்கத்துலேருந்து லாரி வர்றது தெரியல. சுவர் மறைச்சிருச்சு. இன்னொரு வீட்டுல இப்படி ஆகக்கூடாதுன்னு, கேட்டு அலைஞ்சு பெர்மிஷன் வாங்கி, நானே அங்க ஒரு கண்ணாடி வெச்சேன். அவ அலமாரில இருந்த ஆளுயரக் கண்ணாடி.”

“பார்த்திருக்கேன்,” என்றார் சர்வேயரம்மா.

“போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல மாசாமாசம் எந்த இடத்துல எத்தனை விபத்துன்னு போர்டுல எழுதிப் போடுவாங்க. மாசம் பொறந்தா நான் போய் நின்னுருவேன். கண்ணாடி வெச்ச பிறகு நம்ம வளைவுக்கு நேரா சைபர். அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. பிப்ரவரில திடீர்னு நாலு. அப்புறம் மாசக்கணக்கா சைபர். இப்ப அக்டோபர்ல அஞ்சு. அஞ்சாவதுதான் கணக்கு டீச்சர்.”

அந்தச் சேதி ஊருக்கே தெரியும். போன வாரம் பள்ளி முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய டீச்சர் வீடு போய்ச் சேரவில்லை.

“போலீஸ் என்ன சொல்றாங்க?”

“அக்டோபர்னா மழைங்கிறாங்க. பிப்ரவரில ஏது மழைன்னு கேட்டா, அப்ப கிடங்குக்கு லாரி ஜாஸ்திங்கிறாங்க. லாரி மோதி யாரும் விழலைம்மா. பொழச்சவங்க எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. எதிர்ல எவனோ மூஞ்சில லைட்டடிச்சான். ஆனா எதிர்ல வண்டியே கிடையாது. எனக்கு அந்தக் கிடங்கு வாட்ச்மேன் மேலதான் சந்தேகம். கண்ணாடியைக் கழட்டுன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னவன்.”

சர்வேயரம்மா சற்று யோசித்துவிட்டு, “விழுந்தவங்க எல்லாம் எப்படி ஓட்டுறவங்க? வேகமா?” என்று கேட்டார்.

“அதாம்மா வயிறு எரியுது. எல்லாருமே பார்த்து ஓட்டுறவங்க. டீச்சர் வளைவு வந்தா நத்தை மாதிரி போவாங்க. பறக்கிற பசங்க பறந்துக்கிட்டேதான் இருக்கானுங்க. அவனுங்களுக்கு ஒரு கீறல் இல்ல.”

மறுநாள் காலையிலேயே சர்வேயரம்மாவும் மெக்கானிக்கும் வளைவுக்குப் போனார்கள். கிடங்கின் நீண்ட சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே சாலைதான். மேற்கிலிருந்து வந்து, சுவரின் வடபுறமாகவே ஓடி, கிழக்கு முனையில் கொண்டை ஊசி போல வளைந்து, தென்புறமாக மறுபடி மேற்கு நோக்கியே திரும்பிவிடும். திருப்பத்தின் வெளி ஓரத்தில், இரும்புக் கம்பத்தில், தேக்குச் சட்டத்துக்குள் கண்ணாடி நின்றது. சாலையோரச் செடியெல்லாம் லாரிப் புழுதியில் பழுப்பேறியிருக்க, கண்ணாடி மட்டும் துடைத்துவைத்தாற்போலப் பளிச்சென்றிருந்தது.

சர்வேயரம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். “விழுந்தவங்க எல்லாரும் வடக்குப் பக்கச் சாலைல கிழக்கே பார்த்து வந்தவங்க. பிரேக் பிடிச்ச தடம் எங்கயும் இல்ல. வண்டி திரும்பவே இல்ல தம்பி. நேரா போய்த் தடுப்புச் சுவர்ல மோதியிருக்கு.”

“எண்ணெய் கொட்டியிருக்கும் அண்ணி.”

“எண்ணெய்ல வழுக்கினா வண்டி பக்கவாட்டுல இழுத்துட்டுப் போகும். இங்க அப்படி ஒரு கோடும் இல்ல.”

அவன் விடுவதாயில்லை. “எல்லாம் சாயங்காலம்தானே நடந்திருக்கு? சூரியன் கண்ணைக் குத்தியிருக்கும்!”

“கிழக்கே போறவங்களுக்குச் சாயங்காலச் சூரியன் முதுகுலதானே இருக்கும்?”

மெக்கானிக் காற்றுப் போன டியூப் ஆனான்.

வடபுறச் சுவரை ஒட்டி வாட்ச்மேனின் அறை இருந்தது. வளைவைப் பார்த்த ஜன்னலில் கோணிச் சாக்கு தொங்கியது. இதற்குப் பின்னால்தான் விளக்கு இருக்கிறது என்று தீர்மானித்து மெக்கானிக் சாக்கை விலக்கிப் பார்த்தான். ஒரு முக்காலியும் சாப்பாட்டுப் பாத்திரமும்தான் கிடந்தன.

“என்னய்யா தேடுற, புதையலா?” என்றார் வாட்ச்மேன் எரிச்சலோடு.

“சாக்கு எதுக்குக் கட்டியிருக்கீங்க?” என்று சர்வேயரம்மா கேட்டார்.

“கூசுதும்மா. சாயங்காலமானா உட்கார முடியல. அந்தப் பெரியவர்கிட்ட நல்லதனமா சொல்லிப் பார்த்தேன். செத்த பொண்ணு ஞாபகமா வெச்சதைக் கழட்டச் சொல்றியான்னு அழுதுட்டார். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல. சாக்கைக் கட்டிக்கிட்டேன்.”

கூரியர்காரர் வீட்டில் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அக்டோபரில் முதலில் விழுந்தவர் அவர்தான்.

“அன்னிக்கு மழையா?” என்று கேட்டார் சர்வேயரம்மா.

“நல்ல வெயில்ங்க. வளைவுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சேன், ஹாரன் அடிச்சேன், கண்ணாடியைப் பார்த்தேன். அப்பத்தான் எவனோ ஃபுல் லைட்டு போட்டுட்டு வந்தான். எல்லாமே வெள்ளையாயிடுச்சு. அப்புறம் ஆஸ்பத்திரிதான் தெரியும்.”

“கண்ணாடியைப் பார்த்தீங்களா?”

“பார்க்காம எப்படிங்க திரும்புறது?”

சர்வேயரம்மாவின் முகம் மாறியதை மெக்கானிக் கவனித்தான். துப்புக் கிடைத்துவிட்டது என்று புரிந்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி விடைபெறுவதற்குள் வெளியே வந்து தச்சருக்குப் போன் போட்டான். “ஆளைப் பிடிச்ச மாதிரிதாங்க. நாளைக்குச் சாயங்காலம் வளைவுக்கு வந்துருங்க.”

அடுத்துப் போக்குவரத்து எஸ்.ஐ.யைப் பார்த்தார்கள். சர்வேயரம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அக்டோபர்ல மழை பெஞ்ச நாள்ல அங்க யாராவது விழுந்தாங்களா சார்?”

எஸ்.ஐ. தலையைச் சொறிந்தார். “இல்ல. இப்ப யோசிச்சா, எல்லாமே வெயில் நாள்தான். விசித்திரமா இருக்கே.”

படியிறங்கும்போது அண்ணி மெதுவாகச் சொன்னார். “நாளைக்குச் சாயங்காலம் எஸ்.ஐ.யும் வாட்ச்மேனும் வளைவுக்கு வரட்டும். கூரியர்காரரால முடிஞ்சா அவரும். தச்சருக்கு மட்டும் சொல்லாதீங்க தம்பி. அவர் வீட்டுக்கு நானே போய், பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்.”

தச்சருக்கு ஏற்கெனவே போன் போட்டுவிட்டதை மெக்கானிக் சொல்லாமல் விட்டான். நாளைக்கு அவருக்கு வேறு வேலை வந்துவிடும், வர மாட்டார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எஸ்.ஐ. இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார். வாட்ச்மேனும் கூரியர்காரரும் சுவரோரம் நின்றார்கள்.

“தம்பி, வடக்குச் சாலைல கொஞ்ச தூரம் பின்னாடி போய், வண்டி ஓட்டுற மாதிரி நினைச்சுக்கிட்டு நடந்து வாங்க. வளைவு வந்ததும் கண்ணாடியைப் பாருங்க.”

மெக்கானிக் நடந்தான். முதுகில் வெயில் இதமாக இருந்தது. எதிரே சாலை வெறுமையாகக் கிடந்தது. கண்ணாடியில் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாலை கோடு போட்டதுபோலத் தெரிந்தது. எவ்வளவு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டே இன்னும் சில அடி வைத்தான். சட்டென்று கண்ணாடி முழுக்க வெள்ளையாகியது. சாலை இல்லை, சுவர் இல்லை, தன் கையே தெரியவில்லை.

“யாரோ லைட்டடிக்கிறாங்க அண்ணி!” என்று கத்தியவன், கத்தி முடிப்பதற்குள் புரிந்துகொண்டான்.

“அப்படியே நில்லுங்க. ரெண்டு கண்ணையும் மூடிக்கோங்க,” என்ற சர்வேயரம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “எதிர்ல யாரும் வரல. யாரும் லைட்டடிக்கல. முதுகுக்குப் பின்னாடி இருந்த சூரியன்தான் கண்ணாடி வழியா முன்னாடி வந்திருக்கு. தெற்குப் பக்கச் சாலை முடியிற இடம் மேற்கு, கொஞ்சம் தெற்கே சாஞ்சு. வருஷத்துல ரெண்டு தடவைதான் சூரியன் சரியா அந்த இடத்துல இறங்கும். தெற்கேயிருந்து திரும்பி வர்றப்போ பிப்ரவரில. மறுபடி தெற்கே போறப்போ அக்டோபர்ல. மத்த மாசத்துல ஒண்ணு கிடங்கு மறைச்சிரும், இல்லன்னா கண்ணாடில விழாது. மேகம் இருந்தா பிரச்சினையே இல்ல. அதனாலதான் மழை நாள்ல யாரும் விழல.”

“அப்ப வேகமா போற பசங்க?” என்றார் எஸ்.ஐ.

“அவங்க கண்ணாடியைப் பார்க்கிறதே இல்லையே சார். பார்த்துத் திரும்பணும்னு நினைச்சவங்கதான் விழுந்தாங்க.”

மெக்கானிக் கண்ணைத் திறந்தபோது பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் மிதந்தன. அவை கரைந்ததும், தடுப்புக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் தச்சர் தெரிந்தார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சர்வேயரம்மாவும் அவரைப் பார்த்துவிட்டார். கொழுந்தனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தச்சர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். “நான் துடைச்சுத் துடைச்சு வெச்சேன்மா,” என்றார். “வாராவாரம் வந்து துடைப்பேன். மங்கலா இருந்தா யாருக்கும் தெரியாதேன்னு.”

“தெரியும்,” என்றார் சர்வேயரம்மா.

“அப்ப டீச்சரை…”

எஸ்.ஐ. குறுக்கிட்டார். “இது விபத்துங்க. நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான்…”

“சார், நான் இவங்ககிட்டதான் கேட்கறேன். இவங்க பொய் சொல்ல மாட்டாங்க.”

சர்வேயரம்மா அவர் எதிரில் வந்து நின்றார். ஆயிரம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவரின் கைகள் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. “ஆமாங்க. அந்தக் கண்ணாடிதான். ஆனா மத்த மாசமெல்லாம் போர்டுல இருந்த சைபரும் அதே கண்ணாடியாலதான். ரெண்டுமே உண்மை. ஒண்ணை மட்டும் எடுத்துக்காதீங்க.”

தச்சர் தலையசைத்தார். எதை எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, கம்பத்தடியில் ஏணி போடச் சொல்லி, திருகுகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். துறையே சீக்கிரம் வெயிலைச் சிதறடிக்கும் குவிந்த கண்ணாடி ஒன்றை வைக்கும், வேகத்தடையும் போடும் என்று எஸ்.ஐ. கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தச்சர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இறக்கிய கண்ணாடியை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்துவிட்டு, “டீச்சர் வீடு எங்க தம்பி?” என்றார்.

“இன்னிக்கு வேண்டாமே,” என்றார் சர்வேயரம்மா.

“என் பொண்ணு போனப்போ அந்த லாரிக்காரன் வருவான் வருவான்னு வாசலையே பார்த்துட்டிருந்தேன்மா. அவன் வரவேயில்ல. நான் போகணும்.”

மெக்கானிக் தன் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு போனான். டீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். உள்ளே சோபாவில் திருத்தாத விடைத்தாள்கள் ஒரு கட்டாக அப்படியே கிடந்தன. தச்சர் உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சரின் கணவர் விடைத்தாள் கட்டை எடுத்து ஓரம் தட்டி நேராக அடுக்கிவைத்தார்.

“நீங்கதானா அது?” என்றார் கடைசியில். “அவ சொல்லிட்டே இருப்பா. யாரோ புண்ணியவான் வளைவுல கண்ணாடி வெச்சிருக்கார், இப்பல்லாம் பயமே இல்லன்னு. ஒருநாள் கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்னா.”

தச்சர் இரண்டு கையையும் கூப்பினார்.

“எனக்கு உங்க மேல கோபம் வர மாட்டேங்குது,” என்றார் கணவர். “வந்தா நல்லா இருக்கும். ஆனா தயவுசெஞ்சு இனிமே இங்க வராதீங்க. என்னால முடியாது.”

கதவு சத்தமில்லாமல் மூடியது.

திரும்பும்போதும் தச்சர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் பாதி தூரத்தில் மெக்கானிக்கின் முதுகில் ஏதோ பாரம் சாய்ந்தது. அவருடைய நெற்றி. சட்டை நனைவது தெரிந்தது. அந்த உடம்பு குலுங்கும் குலுங்கலில் வண்டியின் கைப்பிடியே ஆடியது.

அவர் வீட்டுத் தெரு வந்தது. வாசலில் அவர் மனைவி நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் அழுகை இன்னும் ஓயவில்லை. மெக்கானிக் நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டாமல், அந்த வீட்டைக் கடந்து அடுத்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான்.