அம்மா கையெழுத்துப் போடும் விமானம்

சிட்டு வாயைப் பிளந்தபடி நின்றாள். எதிரே இருந்த விமான இன்ஜினின் வாய், அவளுடைய வகுப்பறைக் கதவைவிடப் பெரியதாக இருந்தது.

"இதுக்குள்ள நம்ம வீட்டு ஹாலையே வச்சிடலாம் போலிருக்கே."

"ஹாலை வச்சிடலாம். நீ இறைச்சு வைக்கிற சாமானுக்குத்தான் இடம் பத்தாது" என்றார் அப்பா, படம் எடுத்துக்கொண்டே. அப்பா கையில் போன் கிடைத்துவிட்டால் போதும், யாராவது கொட்டாவி விட்டால்கூட படம் பிடித்துவிடுவார்.

சிட்டுவின் அம்மா விமான மெக்கானிக். விமானங்களைச் சரிபார்க்கும் அந்த மாபெரும் ஹேங்கருக்குள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேலை செய்பவர்களின் குடும்பத்தை விடுவார்கள். இந்த வருஷம் அங்கே இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்று நான்கு இன்ஜின் வைத்த பழையது. இருபத்தைந்து வருஷம் கடல்களைத் தாண்டிக் களைத்து, ஓய்வுக்குப் போகிறது. மற்றொன்று புத்தம் புதியது. அதற்கு இன்ஜின் இரண்டே இரண்டு.

"நாலு செஞ்ச வேலையை ரெண்டு செஞ்சிடுமாம்மா?"

"செய்யும். இதோட உடம்பு கார்பன் இழையில செஞ்சது, எடை கம்மி. விசிறி ரொம்பப் பெரிசு, காத்தை வாரி வாரிப் பின்னால தள்ளும். பழசு குடிச்ச எரிபொருள்ல முக்கால் பங்கே இதுக்குப் போதும். பதினாறு மணி நேரம் எங்கயும் இறங்காமப் பறக்கும்" என்ற அம்மா, "ஒரு விரலால தள்ளிப் பாரு" என்றாள்.

அப்பா தூக்கிவிட, சிட்டு இன்ஜினின் வாய்க்குள் ஏறினாள். விசிறியின் கறுப்பு நிறத் தகடு ஒன்றை விரலால் தள்ளினாள். அவ்வளவு பெரிய விசிறி சத்தமே இல்லாமல் சுழன்றது. சிட்டுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விசிறி நின்றதும் அதன்மேல் சாய்ந்து நின்று அப்பாவுக்குப் பல்லைக் காட்டினாள். அடுத்து வந்த பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் இதே விமானம் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு முதல் பயணம் போகிறது. 'எல்லாம் சரி, பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடப்போவது அம்மா. ஒரு வருஷம் விழுந்து விழுந்து படித்து வாங்கிய உரிமை அது. புது விமானத்துக்கு அம்மா போடும் முதல் கையெழுத்து.

ஹேங்கரில் ஒரு சட்டம் உண்டு. ஒரே ஒரு ஸ்பேனர் காணாமல் போனாலும் விமானம் நகரக் கூடாது. எத்தனை தடவை எண்ணிக் காட்டினாலும் தலைமைப் பொறியாளர் "இன்னொரு தடவை எண்ணுங்க" என்பார். அதனால் அவருக்குப் பெயரே 'இன்னொருதடவை சார்'. வந்தவர்களின் சாவி, சில்லறை, பேனா எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

கேன்டீனில் சாப்பிடும்போது சிட்டு தலையைத் தடவினாள். இடது பக்கம் ஒரு கறுப்பு கிளிப். வலது பக்கம் ஒன்றும் இல்லை.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கேயும் இல்லை. சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும், கையெழுத்தும் போய்விடும். 'சின்ன கிளிப்தானே' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் விரல் பட்டாலே சுழலும் அந்த விசிறி, ஆகாயத்தில் எப்படிச் சுழலும் என்று நினைத்ததும் சோறு இறங்கவில்லை.

"அம்மா, என்னோட கிளிப் ஒண்ணைக் காணோம்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "காலையில நான்தானே மாட்டிவிட்டேன். ஊரார் பாக்கெட்டையெல்லாம் எண்ணினேன், உன் தலையை எண்ணலையே" என்றாள். அப்புறம் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், இன்னொருதடவை சாரிடம் போய்ச் சொன்னாள்.

"கிடைக்கிற வரைக்கும் விமானம் நகராது" என்றார் அவர்.

ஆறு மெக்கானிக்குகள் டார்ச்சோடு தேடினார்கள். தரையில் தேடினார்கள், இன்ஜினின் அடிப்பாகத்தில் தவழ்ந்து தேடினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பயணம் தாமதம் என்று பயணிகளுக்குச் செய்தியும் போய்விட்டது. சிட்டுவுக்கு அழுகை முட்டியது. அழுதால் கிளிப் வரவா போகிறது? அப்பாவின் போனை வாங்கினாள்.

நூற்று நாற்பத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றிலும் தன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். விசிறியில் சாய்ந்து பல்லைக் காட்டும் படத்தில் இரண்டு கிளிப்பும் இருந்தன. அடுத்த படத்தில் வலது பக்க முடி கண்ணில் விழுந்து கிடந்தது.

அவள் இன்னொருதடவை சாரிடம் ஓடினாள். "சார், எல்லாரும் கீழேயே தேடுறீங்க. அது கீழ விழவே இல்லன்னா? தகட்டு இடுக்குல மாட்டியிருந்தா? எனக்கு அப்புறம் எத்தனை பேர் விசிறியைச் சுத்தினாங்க. அதோட சேர்ந்து கிளிப்பும் மேல போயிருக்குமே."

அவர் படத்தைப் பார்த்தார், சிட்டுவைப் பார்த்தார். பிறகு தாமே ஏறி, விசிறியை ஒவ்வொரு தகடாக நகர்த்தி, இடுக்குகளில் டார்ச் அடித்தார். உச்சியில் இருந்து இறங்கி வந்த ஐந்தாவது இடுக்கின் அடியில், கறுப்போடு கறுப்பாகக் கிளிப் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹேங்கரே கை தட்டியது. அம்மா தலைகுனிந்து நின்றாள். "சார், தப்பு என்னோடது. கையெழுத்தை வேற யாராவது போடட்டும்."

"உங்க பொண்ணு சொல்லாம இருந்திருக்கலாம். நீங்களும் மறைச்சிருக்கலாம். ரெண்டு பேருமே செய்யல" என்றார் அவர். "வேற யாரை நம்பி நான் பேனாவைக் குடுக்கிறது? போய் இன்ஜினை முழுசா இன்னொரு தடவை பாருங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அம்மா பார்த்தாள். தகடு தகடாக, இரண்டு மணி நேரம் பார்த்தாள். பிறகு சிட்டுவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சூரியன் சாயும் நேரம், அந்தப் பிரம்மாண்டம் ஓடுபாதையில் ஓடி, மூக்கை நிமிர்த்தி, தரையை விட்டு எழும்பியது. இவ்வளவு பெரியது இவ்வளவு மெல்லிய சத்தத்தோடு போகுமா என்று சிட்டு மூச்சுவிட மறந்து பார்த்தாள். அதன் வயிற்றுக்குள் முந்நூறு பேர். "ஏன்தான் இவ்வளவு தாமதமோ" என்று அவர்கள் இந்நேரம் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

முணுமுணுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து சிட்டு கையை ஆட்டினாள்.